லேபர் ரூம் கதவுக்கு அந்தப் பக்கம்

ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்துகிறோம். கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, கலவை சாதம் கட்டிக் கொடுத்துப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்புகிறோம். வாய்க்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போடுகிறோம். ஆனால், அடுத்த இரண்டு மாதத்தில் அவள் போய்ப் படுக்கப்போகிற அறையில் என்ன நடக்கும் என்று மட்டும் யாரும் அவளிடம் சொல்வதில்லை. அவளாகக் கேட்டாலும், "அதெல்லாம் அந்த நேரத்துல தானா தெரியும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். இல்லாவிட்டால், இரண்டு நாள் வலியில் துடித்த பெரியம்மாவின் கதையைச் சொல்லிப் பயமுறுத்திவிடுகிறோம்.

வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் பெண்களுக்கு இது ஓரளவு தெரிந்திருந்தது. அக்காவுக்கும் சித்திக்கும் வலி எடுத்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டும், வெந்நீர் போட்டுக் கொடுத்தும் வளர்ந்தவர்கள் அவர்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. இந்த மாற்றத்தால் பிழைத்த உயிர்கள் ஏராளம். 2018-20 கணக்குப்படி, இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54 பேர். பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்துக்கே இடமில்லை. ஆனால் பிரசவத்தோடு சேர்ந்து அதைப் பற்றிய அறிவும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது. முதல் பிரசவத்துக்குப் போகிற பெண், தன் உடம்பில் நடக்கப்போவதை அறியாமலே போகிறாள்.

இது வெறும் மனக்கவலை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கர்ப்பப்பையைச் சுருங்கி விரியவைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். கடுமையாகப் பயப்படும்போது சுரக்கிற அட்ரினலின் அதன் வேலையைக் கெடுக்கும். பயந்த உடம்பு இறுகும், வலி கூடும், பிரசவம் தள்ளிப்போகும். அதனால்தான் அந்த அறைக்குள் நடப்பதை ஒன்றுவிடாமல் இங்கே சொல்ல நினைக்கிறோம்.

எப்போது கிளம்புவது?

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியிலேயே குழந்தை பிறப்பது ஏறக்குறைய இருபதில் ஒருவருக்குத்தான். தேதி தாண்டிவிட்டதே என்று பதற வேண்டாம். டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் சொல்படி நடந்தால் போதும்.

கடைசி வாரங்களில் வயிறு அவ்வப்போது கல்லாக இறுகும், இடுப்பு வலிக்கும். இதைத்தான் நம் பாட்டிகள் சூட்டு வலி என்றார்கள். கொஞ்சம் நடந்தால், தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தால் அது அடங்கிவிடும். மெய்யான வலி அடங்காது. முதுகில் தொடங்கி முன்வயிற்றுக்கு வரும், விட்டுவிட்டு வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும், ஒவ்வொரு முறையும் வலுக்கும். முதல் பிரசவம் என்றால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கியதும் கிளம்பலாம். மருத்துவமனை தொலைவில் இருந்தால் இன்னும் முன்பே கிளம்பிவிட வேண்டும். ரத்தக்கோடு கலந்த சளி போல வெளிப்படுவது வழக்கமானதுதான். கர்ப்பப்பை வாய் தயாராகிறது என்பதற்கு அடையாளம்.

சில அறிகுறிகள் வந்தால் வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. பனிக்குடம் உடைந்து நீர் கசிந்தால், அதுவும் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால், உடனே கிளம்புங்கள். ரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கண் மங்கித் தலை பிளப்பதுபோல வலித்தாலும் அப்படியே. நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ஆதார், முன்பக்கம் திறக்கிற நைட்டி, துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டித் துணி இருந்தால் போதும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண் எழுதிய தாளையும் மறக்க வேண்டாம். பிறப்புச் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.

நேரம் நகராத அறை

சினிமாவில் வலி எடுத்த மூன்றாவது நிமிடம் குழந்தை அழுகிறது. நிஜத்தில் லேபர் ரூம் பெரும்பாலும் காத்திருக்கிற அறை.

போனவுடன் ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் பார்ப்பார்கள். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று கணிப்பார்கள். சிறிய டாப்ளர் கருவியை வயிற்றில் வைத்ததும், குதிரை ஓடுவதுபோலத் தடதடவென்று ஒரு சத்தம் கேட்கும். அதுதான் குழந்தையின் இதயத்துடிப்பு. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருந்தால் சரி. பெரியவர்களுக்குத் துடிப்பதைவிட வேகமாகக் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம்.

மருத்துவமனை உடை கொடுப்பார்கள். நகைகளையும், ஊசி போடும் கையில் இருக்கும் வளைகாப்பு வளையல்களையும் கழற்றச் சொல்வார்கள். நகப்பூச்சு இருந்தால் அழிக்கச் சொல்வார்கள். விரலில் மாட்டுகிற ஆக்ஸிஜன் கருவி சரியாகக் காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக. பல இடங்களில் இன்னும் முடியை மழிப்பதும் எனிமா கொடுப்பதும் உண்டு. இரண்டையுமே வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. "வேண்டாம்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

பெண்கள் அதிகம் கூசுவது உள்பரிசோதனைக்கு. கையுறை போட்ட விரல்களால் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். "மூணு விரல் திறந்திருக்கு" என்று நர்ஸ் சொல்வது இதைத்தான். 10 சென்டிமீட்டர் திறந்தால் முழுத் திறப்பு. பிரசவம் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை போதும். அந்த நேரத்தில் உடம்பை இறுக்கினால் வலிக்கும். வாயால் மெதுவாக மூச்சை விட்டு, தொடைகளைத் தளர்த்தினால் எளிதாக முடிந்துவிடும். யார் பரிசோதிக்கிறார்கள், எதற்கு என்று கேட்பது உங்கள் உரிமை. மாணவர்கள் பயிலும் மருத்துவமனையிலும் இது பொருந்தும்.

மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை. தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை, மெதுவாகத் திறப்பதை மட்டும் காரணம் காட்டி அவசரப்படுத்தக் கூடாது என்பதே அந்த 2018 வழிகாட்டுதலின் சாரம். 5 சென்டிமீட்டரிலிருந்து முழுத் திறப்பு வரை முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். 5 சென்டிமீட்டர் வரைக்கும் ஆகிற நேரத்துக்குக் கணக்கே கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போகிற குடும்பம்தான் மூன்றாவது மணி நேரத்திலேயே வராந்தாவில் நின்று, "இன்னும் ஏன் பிறக்கலை? ஆபரேஷன் பண்ணிடுங்களேன்" என்று டாக்டரை நெருக்குகிறது.

இந்த நேரத்தில் படுத்தே கிடக்க வேண்டியதில்லை. சிக்கல் எதுவும் இல்லையென்றால் நடக்கலாம், உட்காரலாம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயலாம், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம். தண்ணீர், கஞ்சி, இளநீர் குடிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்துவிடுவது நல்லது. நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தை இறங்குவதைத் தடுக்கும்.

வலி வருவது தாமதமானால் ஜெல் வைப்பார்கள், அல்லது டிரிப்பில் ஆக்ஸிடோசின் ஏற்றுவார்கள். நம் ஊரில் வலி ஊசி என்று சொல்வது இதைத்தான். அது ஏறத் தொடங்கினால் வலி நெருக்கமாகவும் கடுமையாகவும் வரும். குழந்தையின் இதயத்துடிப்பையும் அடிக்கடி பார்த்தாக வேண்டும். ஆகவே காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள்.

வலியைக் குறைக்க வழியே இல்லையா? இருக்கிறது. முதுகில் மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தும் எபிடூரல் மருந்து, இடுப்புக்குக் கீழ் வலியைப் பெருமளவு மரத்துப்போகச் செய்யும். மயக்க மருத்துவர் எந்நேரமும் இருக்கிற பெரிய மருத்துவமனைகளில்தான் இது கிடைக்கும். "முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிதான்" என்ற பேச்சை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. வலியைத் தாங்கினால்தான் தாய்மை என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. வேண்டுமென்றால் எட்டாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள்.

துணைக்கு ஓர் ஆள்

இந்தக் கட்டுரையில் நாங்கள் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். பிரசவ நேரத்தில் தனக்கு வேண்டிய ஒருவர் பக்கத்திலேயே இருப்பது, காசு செலவில்லாமல் கிடைக்கிற பெரிய மருத்துவ உதவி. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. தொடர்ந்து துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகமாகவும், சிசேரியன் குறைவாகவும், வலி நேரம் சற்றுக் குறைவாகவும் இருந்ததை அது காட்டியது. இத்தனைக்கும் மருந்து, மாத்திரை எதுவும் இல்லை. கூட ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

இதை இந்தியாவில் முதலில் புரிந்துகொண்ட மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை வைத்துக்கொள்ளும் திட்டம் இங்கே 2004-இலேயே வந்துவிட்டது. மத்திய அரசு 2016-இல்தான் நாடு முழுவதும் அனுமதித்தது. அந்த விதியின்படி, ஏற்கெனவே பிள்ளை பெற்ற உறவுக்காரப் பெண் ஒருவர் உள்ளே இருக்கலாம். மற்றப் பெண்களின் மறைவு கெடாதபடி வசதி இருந்தால் கணவரும் இருக்கலாம். ஆனால் எத்தனை இடங்களில் இது முழு மனதோடு நடக்கிறது? "கூட்டமா இருக்கு, வெளியே இருங்க" என்ற ஒரு வார்த்தையில் எத்தனையோ அம்மாக்கள் வராந்தாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருப்பதைச் சலுகை என்று நினைப்பதால்தான் திரும்புகிறார்கள்.

துணையாகப் போகிறவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. வலி வரும்போது இடுப்பின் கீழே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட வேண்டும். வலி விடும்போது ஒரு வாய் தண்ணீர் கொடுக்க வேண்டும். முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லா போயிட்டிருக்கு, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொன்னால் போதும். தன் பிரசவத்தில் பட்ட பாட்டைச் சொல்லக் கூடாது. செல்போனில் வீடியோ எடுக்கக் கூடாது. பதற்றப்படுகிற சுபாவம் என்றால், மாமியாரோ அம்மாவோ யாராக இருந்தாலும் வெளியே இருப்பதே நல்லது. யார் வேண்டும் என்பதைப் பிள்ளை பெறப்போகிறவள்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் மூத்தவர் யார் என்று பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

துணை தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு; மனசுக்குக் கஷ்டமானதுதான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வலியில் கத்துகிற பெண்ணைத் திட்டுவது, தொடையில் அடிப்பது, காது கூசுகிற பேச்சுப் பேசுவது எல்லாம் பிரசவ அறைகளில் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. பல பெண்கள் வலியைக்கூட மறந்துவிடுகிறார்கள், அந்தப் பேச்சை மறப்பதில்லை. இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. பிரசவத்தில் பெண்களை அவமதிப்பது மனித உரிமை மீறல் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இல் அறிக்கையே வெளியிட்டது. 2017 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய லக்ஷ்யா திட்டம், அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் மரியாதையான பராமரிப்பு கட்டாயம் என்கிறது. கட்டிலுக்குக் கட்டில் திரை வேண்டும் என்பதும் அதில் அடக்கம். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-இல் தொடங்கப்பட்டதே, மறைவு கிடைக்காததால் பெண்கள் வைத்தியத்துக்கே வராமல் இருந்துவிடக் கூடாது என்றுதான். 140 ஆண்டுகளுக்கு முன்பே புரிந்த விஷயம் இது.

நர்ஸுகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே இரவில் பல பெண்களுக்கு நடுவே ஓடுகிறவர்கள் அவர்கள். ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் வருவதற்குள் குழந்தையைக் கையில் ஏந்துவதும் அவர்கள்தான். ஆள் பற்றாக்குறையைச் சரிசெய்யாமல் அன்பாகப் பேசச் சொன்னால் மட்டும் அது நடந்துவிடாது. அதற்காகக் கை ஓங்குவதை ஏற்கவும் முடியாது.

முக்கச் சொல்லும் நேரம்

முழுத் திறப்பு வந்ததும் மலம் கழிக்க முட்டுவதுபோல ஓர் உந்துதல் வரும். இதுதான் அடுத்த கட்டம். முதல் பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரைகூட ஆகலாம். அடுத்தடுத்த பிரசவங்களில் சீக்கிரம் முடிந்துவிடும். வலி வரும்போது மட்டும் முக்க வேண்டும், விட்டதும் ஓய்வெடுக்க வேண்டும். முக்கும்போது மலம் கொஞ்சம் வெளியேறுவது சகஜம். வெட்கப்பட எதுவுமில்லை, அங்கே இருப்பவர்கள் தினமும் பார்ப்பதுதான். அதை நினைத்துக் கூசியே பல பெண்கள் முழுதாக முக்காமல் நிறுத்திக்கொள்கிறார்கள். தலை தெரிந்ததும், "முக்காதே, வாயால மூச்சு விடு" என்பார்கள். அப்போது சொன்னபடி கேட்டால் கிழிசல் குறையும். அந்த இடத்தில் நெருப்புப் பட்டதுபோல எரியும், சில நிமிடங்கள்தான்.

குழந்தை வரும் வழியைச் சற்று வெட்டி அகலமாக்கித் தையல் போடுவதை முதல் பிரசவம் என்றாலே செய்கிற பழக்கம் இருக்கிறது. எல்லோருக்கும் அது தேவையில்லை. தேவைப்பட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டே செய்ய வேண்டும். மேல்வயிற்றில் கையை வைத்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவது பரிந்துரைக்கப்படாத முறை. குழந்தை களைத்தாலோ தாய் சோர்ந்தாலோ வாக்யூம் அல்லது ஃபோர்செப்ஸ் வைப்பார்கள். "ஆயுதம் போட்டு எடுத்தாங்க" என்று ஊரில் பயத்தோடு சொல்வது இதைத்தான். தேர்ந்த கைகளில் அது உயிர் காக்கிற கருவி.

பிறந்த குழந்தையைத் துடைத்து அம்மாவின் வயிற்றின்மேல், தோலோடு தோல் படும்படி போட வேண்டும். தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டினால் குழந்தைக்குக் கூடுதல் ரத்தம், அதன் வழியே இரும்புச்சத்து கிடைக்கும். தலை கொஞ்சம் நீண்டு, கை கால் நீலம் பாரித்து, உடம்பில் வெண்ணெய் போன்ற பூச்சோடு இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லாம் இயல்பு. அழாத குழந்தையை உடனே வெப்ப மேசைக்குக் கொண்டுபோய், முதல் நிமிடத்துக்குள் மூச்சுக்கு உதவுவார்கள். அந்த நேரத்தில் யாரும் உங்களிடம் பேசாமல் இருந்தால் அது அலட்சியம் இல்லை. கைகள் அங்கே வேலையாக இருக்கின்றன. பிறகு குழந்தையைத் தூக்கிக் காட்டி, "என்ன குழந்தைன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்பார்கள். அடையாளப் பட்டையைத் தாய்க்கும் சேய்க்கும் கட்டுவார்கள், எழுதியிருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வெளியே இனிப்பு வழங்கத் தொடங்கிவிடுவார்கள். உண்மையில் தாயின் உயிருக்கு ஆபத்தான நேரம் இதுதான். தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, நச்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். கர்ப்பப்பை சுருங்காவிட்டால் உதிரப்போக்கு நிற்காது. இழப்பை அளக்க, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே போடுவதும் உண்டு. இப்படி அளந்து பார்த்து, தாமதிக்காமல் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியபோது கடுமையான உதிரப்போக்குப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது என்று, நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. நர்ஸ் அடிக்கடி வந்து அடிவயிற்றை அழுத்துவது இந்தக் காவலுக்காகத்தான். வலிக்கும், ஆனாலும் தடுக்காதீர்கள். உடம்பு வெடவெடவென்று நடுங்கும், அதுவும் பலருக்கு வருவதுதான். இரண்டு மணி நேரமாவது கண்காணிப்பில் இருந்த பிறகே வார்டுக்கு மாற்ற வேண்டும். துணி சீக்கிரம் சீக்கிரம் நனைந்தாலோ, கண் இருட்டினாலோ உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். வாசலில் சேனை வைக்கக் காத்திருக்கும் பெரியவர்களிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்: சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். பிரசவம் முடிந்த கையோடு கருத்தடைக்குக் காப்பர்-டி பொருத்துவதாக இருந்தால், கர்ப்ப காலத்திலேயே விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். மயக்கத்திலும் அசதியிலும் வாங்குகிற கையெழுத்து சம்மதம் ஆகாது.

தியேட்டருக்குப் போனால்

குழந்தையின் துடிப்பு தடுமாறினால், தலை இறங்காமல் நின்றுவிட்டால் சிசேரியனுக்கு மாறுவார்கள். முதுகில் ஊசி போட்ட சில நிமிடங்களில் கால்கள் கனத்து மரத்துப்போகும். நெஞ்சுக்குக் கீழே திரை கட்டுவார்கள். நினைவு இருக்கும், வலி இருக்காது. ஆனால் உள்ளே இழுப்பதும் அமுக்குவதும் தெரியும். இதை முன்பே சொல்லாததால் மயக்க மருந்து வேலை செய்யவில்லை என்று மிரளும் பெண்கள் உண்டு. குழந்தை சில நிமிடங்களில் வந்துவிடும். தையல் போடத்தான் அதிக நேரம் ஆகும்.

2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. நாட்டின் சராசரி 21.5. நம் பெண்களின் உடம்பு மட்டும் மற்ற மாநிலங்களைவிட இவ்வளவு வித்தியாசப்படுமா? காரணம் கேட்க வேண்டிய எண்கள் இவை. ஜோசியர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்துக்காக 39 வாரம் நிறைவதற்குள் குழந்தையை எடுக்கச் சொல்லும் குடும்பங்களும் பதில் சொல்ல வேண்டும். நுரையீரல் பக்குவப்படாமல் மூச்சுத் திணறி இன்குபேட்டரில் கிடக்கிற குழந்தைக்கு அந்த நேரத்தால் என்ன பயன்? அதே சமயம், உயிர் காக்கச் செய்த அறுவையை "வலியே தெரியாம பெத்துக்கிட்டா" என்று குத்திக்காட்டும் பேச்சு அநியாயமானது. வயிற்றைத் திறந்து தைத்த காயத்தோடு எழுந்து பால் கொடுக்கிறவள் அவள்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது டாக்டரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள்: வலி நேரத்தில் என்கூட யார் இருக்கலாம்? நடக்கவும் குடிக்கவும் விடுவீர்களா? வலி குறைக்க இங்கே என்ன வசதி இருக்கிறது? முடிந்தால் பிரசவ அறையை ஒருமுறை பார்த்துவிட்டும் வாருங்கள். மருத்துவமனை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: பிரசவத் துணையை வராந்தாவில் நிறுத்தாதீர்கள். அவர் உள்ளே இருக்க ஒரு திரையும் ஒரு ஸ்டூலும் போதும்.